நான் நேர்ந்துகொள்ளாத விரதம்

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷத்தில் நாடே கொடியும் தோரணமுமாகத் தயாராகிக்கொண்டிருந்தபோது, நான் என் உடம்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அழகுக்காக இல்லை. கல்யாணமாகி மலாக்காவில் காஜா பேராங்குக்கு வந்தபோதே நான் கொஞ்சம் பூசினாற்போலத்தான் இருந்தேன். வந்த பிறகு மீதியை என் மாமியாரின் கைச்சோறு பார்த்துக்கொண்டது. அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, வேலைக்கு ஆபத்து வரும்வரை.

பட்டணத்துத் தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். என்னை நிரந்தரமாக்க முடிவு செய்திருந்தார்கள். அதற்கு முன்னால் அரசாங்க மருத்துவரிடம் உடம்பைக் காட்டித் தேற வேண்டும். மருத்துவர் யாழ்ப்பாணத்துக்காரர். எடையைப் பார்த்தார், கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார், மறுபடியும் காற்றடித்தார்.

"எடை கூட. ரத்த அழுத்தமும் கூட. இப்பிடியே நான் கையெழுத்துப் போட ஏலாது, பிள்ளை. ஆடி மாதம் போல திரும்பி வாங்கோ. அப்பவும் இப்பிடித்தான் எண்டால் வேற ஆளைத்தான் எடுப்பினம்."

அவர் கெட்டவர் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவரைக் கடித்துக் குதறலாம் போலிருந்தது. என் அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டி, மரம் மரமாகப் பால் எடுத்து என்னைப் படிக்கவைத்தவள். மழை பெய்தால் அவளுக்கு அன்றைய கூலி கிடையாது. அவளிடம் போய், "நிரந்தரமாயிட்டேம்மா, மழை பெஞ்சாலும் எனக்குச் சம்பளம் உண்டு" என்று சொல்லிவிட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அதற்குக் குறுக்கே என் வயிறே வந்து நிற்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

பயத்தில், யார் எதைச் சொன்னாலும் கேட்டேன். என் கணவர் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு மளிகைக் கடையில் சரக்கு மேற்பார்வை பார்த்தார். கடைக்கு வருகிறவர்களெல்லாம் அவருக்கு வைத்தியர்கள். ஒரு வாரம் கொள்ளுத் தண்ணீர் கொண்டுவந்தார். மறுவாரம் தேனும் எலுமிச்சம்பழமும். அதற்கடுத்து யாரோ மிளகுக் கஷாயம் சொல்லிவிட்டார்கள். அதைக் குடித்துவிட்டு அரைநாள் விக்கிக்கொண்டே பாடம் நடத்தினேன்.

பள்ளியில் தையல் சொல்லிக்கொடுத்த டீச்சர் எங்கிருந்தோ ஓர் ஆங்கிலப் பத்திரிகையைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு வெள்ளைக்காரி இடுப்பில் கைவைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். பால் விடாத கோப்பி, அவித்த முட்டை, ஏதோ ஒரு புளிப்புப் பழம், இவ்வளவுதான் அவள் சாப்பாடாம். அந்தப் பழத்தை மலாக்காவில் யாரும் பார்த்ததில்லை. நாங்கள் இருவரும் படத்தை உற்று உற்றுப் பார்த்து, அது பம்ளிமாஸின் தங்கையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினோம். முட்டையை எங்கள் வீட்டில் செவ்வாய் வெள்ளி தொடமுடியாது. அதனால் முட்டையையும் விட்டுவிட்டேன். காலையில் வெறும் கோப்பி, மத்தியானம் பம்ளிமாஸ் சுளை, ராத்திரி ஒன்றும் கிடையாது.

என் மாமியார் இதைப் பார்த்த பார்வையை நான் விவரிக்க முடியாது. அத்தை பருத்த உடம்புக்காரர். வாசற்படி ஏறினால் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றுதான் உள்ளே வருவார். யாரையும் திட்டமாட்டார், யாரையும் கொஞ்சமாட்டார், சோறு போடுவார். தட்டின் அடி தெரிந்தால் அவருக்குப் பொறுக்காது. போதும் என்று நாம் கையை நீட்டி மறைத்தால், விரலிடுக்கில் குழம்பை ஊற்றிவிடுவார். எவ்வளவு வேண்டும் என்று அவர் யாரிடமும் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவர் முன்னால் ராத்திரி தட்டே எடுக்காமல் ஒருத்தி படுக்கப் போகிறாள்.

"சாப்புடாம படுத்தா நாளைக்குப் புள்ளைங்க முன்னாடி எப்படி நிப்ப?" என்பார்.

"டாக்டர் சொல்லியிருக்காரு அத்தை."

"டாக்டரா வந்து சோறாக்குறாரு?" என்று முனகிக்கொண்டு பானையை மூடுவார்.

கடையில் மூட்டை நிறுக்கும் தராசுதான் எனக்கும் தராசு. ஞாயிற்றுக்கிழமை காலையில், கடை திறப்பதற்கு முன்னால், மிளகாய் மூட்டைகளுக்கு நடுவில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பேன். என் கணவர் குண்டைத் தள்ளித் தள்ளி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். முதல் முறை நன்றாகவே இறங்கியிருந்தது. இரண்டாவது முறையும் இறங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தலைதான் எப்போதும் லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மெலிகிறவர்களுக்கு அப்படித்தான் இருக்கும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் எங்கள் தெருவுக்கு என்னவோ ஆகிவிட்டது.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுச் செட்டி அக்கா. மலாக்கா செட்டிகள் எங்களைப்போலவே சாமி கும்பிடுகிறவர்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய்தான்; அங்கங்கே ஒரு தமிழ்ச் சொல் எட்டிப்பார்க்கும். அக்கா ஒருநாள் சாயங்காலம் வேலிப்பக்கம் நின்று கிண்ணத்தை நீட்டினார். தேங்காய்ப்பாலில் வள்ளிக்கிழங்கும் வாழைப்பழமும் போட்டு, மலாக்காவின் பனைவெல்லத்தைக் கரைத்து ஊற்றிய பெங்காட். மணமே ஆளைத் தூக்கியது. வேண்டாம் என்றேன். அவர் முகம் வாடிப்போய், சாமி என்று ஏதோ சொல்லி என் காலைத் தொடுகிறமாதிரி குனிந்தார். பதறிப்போய் வாங்கிக் குடித்துவிட்டேன்.

மறுநாள் எதிர்வீட்டுக்காரி வழிமறித்துத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். உள்ளே வாழையிலை போட்டிருந்தது. சாம்பார், கூட்டு, வடை, பாயசம். என்னை உட்காரவைத்து அவளே நின்று பரிமாறினாள். அதற்கு மறுநாள் அவள் நாத்தனார் வீடு. பிறகு மூலைவீடு. பகலெல்லாம் பம்ளிமாஸைச் சப்பிக்கொண்டு கிடந்துவிட்டு, விளக்குவைக்கிற நேரத்தில் இலைநிறையப் பாயசம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இத்தனை நாள் என்னைக் கண்டால் தலையாட்டுவதோடு போகிறவர்கள், நான் வாயைக் கட்டின நேரம் பார்த்து விருந்துவைக்கிறார்கள். யாராவது எனக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்திருக்கிறார்களோ என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவர் குண்டை ஒருமுறை தள்ளினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தள்ளினார்.

"ஏறியிருக்கு" என்றார்.

"என்ன ஏறியிருக்கு?"

"நீதான்."

தராசு கெட்டுவிட்டது என்று சண்டை போட்டேன். அவர் ஒரு பருப்பு மூட்டையைத் தூக்கிவைத்து நிறுத்துக் காட்டினார். தராசில் ஒரு கோளாறும் இல்லை.

விஷயம் மூலைவீட்டு இலையில்தான் உடைந்தது. பாயசத்தை ஊற்றிக்கொண்டே அந்த வீட்டம்மா கேட்டாள்: "ஆடிக்கு என்னம்மா எடுக்குற? பால்குடமா, தீச்சட்டியா?"

"எதுக்கு?"

"நேந்துக்கிட்டவளுக்குத் தெரியாதா?" என்று சிரித்தாள். "உங்க அத்தை சொன்னாங்களே. வேலை நிரந்தரமாகணும்னு அம்மனுக்கு விரதம் இருக்கிறியாம். விரதக்காரிக்கு ஒருவேளை சோறு போட எங்களுக்குக் கொடுத்துவச்சிருக்கணும்."

கையைக் கழுவிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தேன். அத்தை அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நான் எப்போ அத்தை அம்மனுக்கு நேந்துக்கிட்டேன்?"

அவர் நிமிரவே இல்லை. "பைப்படியில எல்லாரும் கேக்குறாளுங்க. மருமக ஏன் இப்படி வாடிக்கெடக்குறா, வீட்ல சோறு போடுறதில்லையான்னு. நான் என்னான்னு சொல்லுவேன்? சம்பாதிக்கிற மருமகளப் பட்டினி போடுறா மாமியான்னு நாளைக்குப் பாசார் பூரா பேசுவாளுங்க. அதான் விரதம்னு சொன்னேன்."

"என்னை ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டா வேணாம்னுதான சொல்லுவ?"

கோபம் தலைக்கேறியது. ஆனால் யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சியது. நான் விரதக்காரி இல்லை என்று தெருவில் சொன்னால், அம்மன் பேரைச் சொல்லிப் பொய் பேசியவர் என்று அத்தையின் மானம் போகும். சொல்லாமல் இருந்தால் வீட்டுக்கு வீடு பாயசம் குடித்து என் வேலை போகும். விரதக்காரி சோற்றை மறுத்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்று வேறு சொல்லிவைத்திருக்கிறார்கள். நான் பட்டினி கிடக்கிறேனா, விருந்து சாப்பிடுகிறேனா, விரதம் இருக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

தெரியாமலே பம்ளிமாஸை இன்னும் குறைத்தேன். ராத்திரி ஏறுகிறதைப் பகலில் இறக்கிவிடலாம் என்று கணக்கு. அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு மெர்டேக்கா அணிவகுப்புப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. திடலில் வெயில் சுட்டது. "இடது, வலது" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், "இடது" என்றதோடு விழுந்துவிட்டேன். கண்ணைத் திறந்தபோது பிள்ளைகள் கொடிகளால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார்கள். அவமானத்தில் கண்ணை மறுபடியும் மூடிக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் அதே யாழ்ப்பாணத்து மருத்துவர். நான் சாப்பிட்ட கதையைக் கேட்டுவிட்டுக் கத்தினார். "உங்களை ஆர் பட்டினி கிடக்கச் சொன்னது? மூண்டு நேரமும் சாப்பிடுங்கோ. அளவாச் சாப்பிடுங்கோ. கொஞ்சம் நடவுங்கோ. அவ்வளவுதான்."

குறை என்றதும் இவர்தான், சாப்பிடு என்கிறதும் இவர்தான். அழுகையே வந்துவிட்டது. மூன்று வேளையும் சாப்பிட்டுத்தானே நான் இந்தக் கதிக்கு ஆளானேன்? அளவு என்றால் எந்த அளவு? எங்கள் வீட்டில் அளவு அத்தையின் கரண்டியில் இருந்தது. மருத்துவர் சொன்னதை நான் நம்பவில்லை. மறுபடியும் திடலில் விழுந்துவிடக் கூடாதே என்பதற்காகத்தான் காலையில் தோசையைச் சாப்பிட ஆரம்பித்தேன். மத்தியானத்துக்கு நானே எழுந்து, அத்தை அடுப்படிக்கு வருவதற்குள் ஒரு சின்ன டப்பாவில் கொஞ்சம் சோறும் நிறையக் கீரையும் அடைத்து எடுத்துப்போனேன்.

சாயங்கால இலைகளிலிருந்து தப்பிப்பதுதான் பெரிய பாடு. வழக்கமாகப் பள்ளி விட்டதும் மூன்று சக்கர மிதிவண்டியான திரிஷாவில் ஏறி நேரே தெருமுனையில் இறங்குவேன். இறங்கினதும் பிடித்துக்கொள்வார்கள். அதனால் திரிஷாவை விட்டேன். ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, தெங்கேரா ரோட்டில் கடல்காற்று வாங்கிக்கொண்டே வளைந்து, பின்பக்கமாக எங்கள் தெருவுக்குள் நுழைவேன். அதற்குள் விளக்கு வைத்து, இலை போட்டு, இலையை எடுத்தும் ஆகியிருக்கும். முதல் நாள் வழியில் மூன்று நான்கு இடங்களில் நின்று மூச்சு வாங்கினேன். காலெல்லாம் கொப்புளம். ஒளிந்து ஒளிந்து வீட்டுக்குப் போகிற ஆசிரியை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று என்மேலேயே எரிச்சல் வந்தது.

தெரு சும்மா இருக்குமா? "பாவம், வேண்டுதலுக்காகத் தினமும் நடந்தே வருது" என்று பேசிக்கொண்டார்களாம். நான் தப்பித்து ஓடினாலும் அது விரதத்தில்தான் போய்ச் சேர்ந்தது.

செட்டி அக்காவிடமிருந்து மட்டும் தப்ப முடியவில்லை. வேலிதான் நடுவில். ஒருநாள் தயங்கித் தயங்கி, "சிக்கிட் சாஜா, காக்கா" என்றேன். கொஞ்சம் போதும் அக்கா என்று மலாயில் கேட்டதற்கு, அவர் "போலே" என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய், கொஞ்சமாகவே கொண்டுவந்தார். நாலு சின்னக் கரண்டி பெங்காட். நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எங்கள் வீடுகளில் கொஞ்சம் என்றால், வெட்கப்படுகிறாள், இன்னும் போடு என்று அர்த்தம். கொஞ்சம் கேட்டால் கொஞ்சம் கிடைக்கும் என்பதை அந்த வேலியோரத்தில்தான் முதல்முறை கண்டேன். அந்த நாலு கரண்டியை மெதுவாக, ஆசையாகச் சாப்பிட்டேன். அது போதுமாகவும் இருந்தது.

தராசில் ஏறுவதை நிறுத்திவிட்டேன். பயம்தான். மழைநாளிலும் குடையோடு தெங்கேரா வழியாகவே வந்தேன். தப்பிக்க ஆரம்பித்த நடை எப்போது நானே விரும்பி நடக்கிற நடையாக மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூலைவீட்டம்மா ஊருக்குப் போயிருந்த வாரத்திலும் சுற்றுவழியில்தான் வந்தேன்.

ஆடி பிறந்ததும் மருத்துவர் முன்னால் போய் உட்கார்ந்தேன். பட்டினியும் கிடக்கவில்லை, கஷாயமும் குடிக்கவில்லை. என்னத்தைக் குறைந்திருக்கப் போகிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லவேண்டிய சமாதானத்தைக்கூட யோசித்து வைத்திருந்தேன். அவர் எடையைப் பார்த்தார். பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். பேனாவைத் திறந்தார்.

"என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டார்.

"தெரியலை டாக்டர்" என்றேன். நிஜமாகவே தெரியவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு அவர் சிரித்தார்.

கொள்ளுதான் வேலை செய்திருக்கிறது என்றார் என் கணவர். பம்ளிமாஸ் என்றாள் தையல் டீச்சர். தெருவில் எல்லாரும் அம்மன் என்றார்கள். நான் தோட்டத்துக்குப் போய் அம்மாவிடம் அந்த வார்த்தையைச் சொன்னேன். அவள் ரப்பர் பால் பிடித்த கையை முந்தானையில் துடைத்து, என் கன்னத்தைத் தொட்டாள். "மழைக்குமா?" என்று கேட்டாள். "மழைக்கும்" என்றேன்.

வீட்டில் வேறொரு பிரச்சினை காத்திருந்தது. அத்தை ஒரு வாரமாகச் சரியாகப் பேசவில்லை. ஆடி கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் வாய் திறந்தார்.

"பால்குடம் எடுக்கணும்."

"நான் எடுக்கமாட்டேன் அத்தை. நான் எதையும் நேந்துக்கலை. பொய்க்குப் பால்குடம் எடுக்கச் சொல்றீங்களா?"

"உன்னை யாரு எடுக்கச் சொன்னா? சொன்னது என் வாயி. நான்தான் தூக்கணும்." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். "உனக்கு வேலை கெடச்சிருச்சு. ஏமாத்திட்டேன்னு அம்மன் நெனச்சா, கொடுத்ததப் புடுங்கிட்டா என்ன பண்றது?"

அவர் இத்தனை நாள் பயந்துகொண்டிருந்தது தெருவுக்காக என்றுதான் நான் நினைத்திருந்தேன். என் வேலைக்காகவும் ஒருத்தி இந்த வீட்டில் பயந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனாலும் வீம்பு விடவில்லை. "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

பட்டணத்துப் பிள்ளையார் கோயிலிலிருந்து காஜா பேராங் அம்மன் கோயில்வரை ஊர்வலம். அத்தை மஞ்சள் புடவை கட்டி, வெறுங்காலோடு, தலையில் குடத்தோடு கிளம்பினார். நானும் என் கணவரும் பக்கத்தில் நடந்தோம். மேளக்காரர்கள் வேகமாகப் போனார்கள். பாதி வழிகூட வரவில்லை. அவர் மூச்சு எனக்குக் கேட்க ஆரம்பித்தது. உதடு வெளுத்துவிட்டது. ஒரு சீனர் கடை முன்னால் நின்று, ஒரு கையால் தூணைப் பிடித்துக்கொண்டார்.

"முடியலம்மா" என்றார்.

நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தச் சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. குடத்தை வாங்கி என் தலையில் வைத்துக்கொண்டேன். அவரைக் கடை நடையில் உட்காரவைத்து, என் கணவரைத் துணைக்கு விட்டுவிட்டு ஊர்வலத்தைப் பிடிக்க எட்டிப்போட்டு நடந்தேன். பால் தளும்பித் தோளில் வழிந்தது. கோயில் வாசலில் குடத்தை இறக்கியபோது மூலைவீட்டம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டு, "விரதம் பூர்த்தியாச்சு" என்றாள். நான் தலையாட்டினேன். எனக்கு மூச்சு வாங்கவில்லை என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அத்தை பின்னால் திரிஷாவில் வந்து இறங்கி, தூரத்தில் நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் குவித்துக்கொண்டிருந்தார். அவர் கும்பிட்டது அம்மனையா, யாரை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நான் தட்டை எடுத்துவைத்து உட்கார்ந்தேன். அத்தை பானையைத் திறந்து, கரண்டியில் சோற்றை அள்ளினார். தட்டுக்கு மேலே வந்த கரண்டி அங்கேயே நின்றது.

"எவ்வளவு போடட்டும்?" என்று கேட்டார்.

பாதிக் கரண்டி என்று விரலால் காட்டினேன். அவர் பாதிதான் போட்டார். மறுபாதியைப் பானையில் திருப்பிப் போடவில்லை. தன் தட்டில் கொட்டிக்கொண்டு, பானையை மூடிவிட்டு, என் எதிரில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு அந்தத் தெங்கேரா வழியில என்னையும் கூட்டிட்டுப் போறியா?" என்றார்.